நொன்னோவின் ஒற்றைக் கொம்பு

சென்ற மழைக்காலத்தில் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அக்கா மூன்று மாதம் தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இத்தாலியின் பலெர்மோ நகரில் இருபது ஆண்டுக்கு மேல் ஒரு முதிய அம்மாளைப் பார்த்துக்கொண்டவர். அவரிடம் ஓரம் மடங்கிய பழைய நோட்டு ஒன்று இருந்தது. போன புதிதில் காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்தது. முதல் பக்கத்திலேயே அடுத்தடுத்து இரண்டு வரி:

பாஸ்தா – சாப்பாடு.
பாஸ்தா – போதும்.

நமக்கு ஒரு பகரம்தான். இத்தாலியருக்கு அவை வேறு வேறு ஒலிகள். தொண்டை அதிராமல் சொன்னால் தட்டில் இருப்பது; அதிரச் சொன்னால் ‘போதும்’.

“எப்படிப் பிரிச்சீங்க அக்கா?”

“கையைப் பாத்தாத் தெரியும் தம்பி. மனுசி தட்டுக்கு மேல கையை நீட்டினா நிப்பாட்ட வேணும். நான் புத்தகம் பாத்துப் படிக்கேல்லை. பசிச்சா என்ன கேப்பா, கால் நொந்தா என்ன சொல்லுவா, அதுதான் முதல் பாடம்.”

பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’க்களின் வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவன் நான். பிரெஞ்சு காதில் விழாத நாளில்லை. எழுதியதில் பாதியை விழுங்கிவிடும் மொழி அது. இத்தாலியன் அப்படியில்லை. சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன; பஸ்ஸு, காரு என்று உகரம் சேர்த்தே பழகிய நாக்குக்கு அது உறவுக்காரர் வீடு. ‘மாஞ்சோ’ என்றால் சாப்பிடுகிறேன். ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினையிலேயே இருக்கிறது.

என்னை மயக்கியது இன்னொன்று. ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. மெய் இரட்டித்தால் முன்னுள்ள உயிர் குறுகுகிறது; பொருளே மாறிவிடுகிறது. பாலு, பல்லு என்று பேசுகிறவர்களுக்கு இதை யார் கற்றுத்தர வேண்டும்? அக்காவின் நோட்டில் இந்த இடங்களில் ஒரு பிழைகூட இல்லை. ‘நோனோ – ஒன்பதாவது. நொன்னோ – தாத்தா.’

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. நோ, நொ. முன்னதில் இரட்டைக் கொம்பு, பின்னதில் ஒற்றைக் கொம்பு. பழைய ஏடுகளில் இந்த வேறுபாடு இப்படி இருந்ததில்லை. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நெடிலுக்கென்று தனிச் சுழி போட்டுக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி. தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர். முப்பது வயதுக்கு மேல் தமிழுக்கு வந்த அயலார் காது. எகர ஏகாரத்தில் அந்தக் காது எத்தனை முறை தடுக்கியிருக்கும்! அவர் போட்ட சுழியை வைத்துக்கொண்டு, இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஒரு தமிழ்ப் பெண் பலெர்மோவில் ஒரு சமையலறை மூலையில் உட்கார்ந்து அவருடைய நாட்டுத் தாத்தாவைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் அந்த நோட்டை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

போர்க்காலத்தில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பலெர்மோவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நகரத்துக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையில், குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624-இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று நம்பப்படுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவத் தமிழரும் அந்த மலை ஏறுகிறார்கள். “எங்கட அம்மன்தான் தம்பி” என்றார் அக்கா. நோய் தீர்க்கும் தெய்வத்தை அடையாளம் காண மாரியம்மன் பிள்ளைகளுக்கு அகராதி எதற்கு?

ஊருக்குத் திரும்பும் முன் அவர் எங்கள் அடுப்படியில் அரன்ச்சீனா செய்தார். குழைய வடித்த சோற்றில் குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள். உள்ளே கொத்துக்கறியும் பட்டாணியும். உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. சாந்தா லூசியா நாளான டிசம்பர் 13 அன்று பலெர்மோக்காரர்கள் ரொட்டியும் பாஸ்தாவும் விலக்கி இதைத்தான் உண்பார்களாம்.

“குட்டித் தோடம்பழம் எண்டு அர்த்தம்” என்றார். அரன்ச்சா என்றால் ஆரஞ்சு. அந்தச் சொல் அரபு நாரஞ்ச், பாரசீக நாரங்க், வடமொழி நாரங்க என்று பின்னோக்கிப் போகும். அதற்கும் வேர் திராவிடம், நம் நாரத்தையின் இனம் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. முதலில் இருந்த ‘ந்’ ஒலி, ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஊனா’வோடு ஒட்டிக் கரைந்துவிட்டது.

நான் ஜாடியைத் திறந்து, அம்மா போட்டுவைத்த நாரத்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். அக்கா அதைக் கடித்து, கண்ணை இடுக்கி, மென்று முடித்தார். எண்ணெய்க் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது.

அரன்ச்சீனா – நாரத்தை.