உருது எழுத்தில் ஒரு ரசீது

தில்லிக்குப் பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மொழியும் குளிரும் விரைவிலேயே பழகிவிட்டன. வீட்டுக்காரர்தாம் எளிதில் பழகவில்லை. கரோல்பாக்கின் மாடியறைகளிலும் பர்சாத்திகளிலும் குடியிருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கதை, 1978-ஆம் ஆண்டு வந்த ஒரு வக்கீல் நோட்டீசைப் பற்றியது.

வீட்டுக்காரர் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபில் அனைத்தையும் இழந்து வந்தவர். நாங்கள் தந்த வாடகை மாதம் 90 ரூபாய். பதினோராண்டுகளாக அது ஏறவில்லை. கோதுமையின் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. சட்டத்தின் கட்டுப்பாடு வாடகையைப் பிடித்து வைத்திருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்த்திக்கொள்ள 1988-இல்தான் வழி பிறந்தது. ஆகவே அவர் மனத்தில் எழுந்த எரிச்சலை நான் குறை சொல்லமாட்டேன். அதைத் தீர்த்துக்கொள்ள அவர் தேடிய வழிதான் முறையற்றது. மாதத்தின் முதல் வாரம் தந்தையார் பணத்துடன் கீழே சென்றால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாபுஜி" என்று சிரித்தபடியே அனுப்பிவிடுவார். இப்படி நான்கு மாதங்கள் கழிந்தன. ஐந்தாம் மாதம் நோட்டீசு வந்தது. நான்கு மாத வாடகை பாக்கி. இரண்டு மாதங்களுக்குள் செலுத்தாவிடில் வீட்டைக் காலி செய்விக்க வழக்குத் தொடரப்படும்.

வீட்டைவிட்டுப் போக நேருமே என்ற அச்சத்தைக் காட்டிலும் 'பாக்கிதாரர்' என்ற சொல்லே தந்தையாரைச் சுட்டது. மளிகைக் கடையிலும் கடன் சொல்லாத மனிதர். அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமான வழக்கறிஞர் ஒருவர் வழி காட்டினார். 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கோரிக்கை நோட்டீசு கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட்டாலோ, கொடுக்க முன்வந்தாலோ அந்தக் காரணத்தைக் காட்டி வெளியேற்ற இயலாது. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்திவிடலாம். "கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை என்று வாயால் சொன்னால் யார் நம்புவார், ஐயா? காகிதம் பேசட்டும்" என்றார் அவர்.

பாக்கி முழுவதும் மணியார்டரில் சென்றது. 'வாங்க மறுப்பு' என்று அஞ்சல்காரர் இந்தியில் எழுதிய குறிப்புடன் திரும்பி வந்தது. அந்தத் தாளை அம்மா கந்தசஷ்டி கவசப் புத்தகத்துக்குள் வைத்துப் பூட்டினாள். அதன்பின் மாதந்தோறும் தந்தையார் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தீஸ் ஹசாரி நீதிமன்றத்துக்குச் சென்று பணம் கட்டினார். நோட்டீசு வழக்காக வளரவில்லை. இதற்கிடையே வீட்டுக்காரரின் தாயார் மாடிக்குக் கடுகுக்கீரை அனுப்புவதையும், அம்மா கீழே இட்லி அனுப்புவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

இன்றைய நிலை வேறு. 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. இப்போது நம் பிள்ளைகள் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் குடிபுகுகிறார்கள். அதில் எழுதியிருப்பதை எத்தனை பேர் படிக்கிறார்களோ!

1981-இல் வீட்டுக்காரர் தாமே மாடியேறி வந்தார். இளைய மகனுக்குத் திருமணம். அறைகள் வேண்டும் என்றார். சொந்தத் தேவைக்காகக் கேட்கும் வழக்குகளை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விரைவுபடுத்தியிருந்தது. எதிர்வாதம் செய்ய வேண்டுமானால் அழைப்பாணை கிடைத்த பதினைந்து நாளில் அனுமதி கோர வேண்டும். அப்படிக் கோரி இழுத்தடிக்கலாம் என்று பலர் யோசனை கூறினார்கள். தந்தையார் இசையவில்லை. "பாக்கி என்றது பொய். அதற்காகத்தான் தீஸ் ஹசாரிக்கு நடந்தேன். அந்தப் பையனுக்குக் கல்யாணம் என்பது மெய்தானே?" என்றார். இரண்டு மாதத் தவணை மட்டும் கேட்டார். யமுனைக்கு அப்பால் கிடைத்த வீட்டுக்கு வாடகை 250 ரூபாய். அம்மாவின் முணுமுணுப்பு நெடுநாள் ஓயவில்லை.

காலி செய்த அன்று வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை வாங்கிக்கொண்டு, கேளாமலே ரசீது எழுதித் தந்தார். உருது எழுத்து, எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. தந்தையார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாத்திர மூட்டைகளுக்கு நடுவே வண்டியில் ஏறி அமர்ந்தார்.