பந்து சோறு போடுமா?

பிள்ளை ஆறடி உயரம் வளர்ந்தால் தாயார் திருஷ்டி சுற்றிப் போடுகிறாள். பெண் ஐந்தரை அடியைத் தாண்டினாலோ, அதே தாயார் பெருமூச்சு விடுகிறாள். "இவளுக்கு ஏற்ற மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?" என்ற விசாரம், பெண் எட்டாம் வகுப்பில் படிக்கும்போதே ஆரம்பமாகிவிடுகிறது. இருபது வருஷ காலமாக உபாத்தியாயர் தொழில் செய்து வரும் எனக்கு இந்தப் பெருமூச்சு நன்றாகப் பழகிப் போன சமாசாரம். உயரமான பெண்கள் கடைசிப் பெஞ்சியில் கூனிக் குறுகி உட்காருவதைத் தினந்தோறும் பார்க்கிறேன். கடவுள் கொடுத்த உயரத்தில் இரண்டு அங்குலத்தையாவது மறைத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய பிரயத்தனம்.

அந்த இரண்டு அங்குலத்துக்கு மதிப்புக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கூடைப்பந்து மைதானம்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் ஓர் உபாத்தியாயர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1891-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே போய் ஆட முடியாமல் தவித்த மாணாக்கர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் பழக் கூடைகளை உயரத்தில் மாட்டிப் பந்தை எறியச் சொன்னார். மறு வருஷமே, 1892-இல், ஸ்மித் கல்லூரிப் பெண்கள் இதை ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஆகையால், "இது ஆண்களுடைய விளையாட்டு அல்லவா?" என்று ஆக்ஷேபிக்கிறவர்கள் நூற்றுச் சொச்சம் வருஷம் பிந்தி வந்திருக்கிறார்கள்!

வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்கிறது. ஆணுக்கும் அதே உயரந்தான். பெண்ணுக்கும் அதே உயரந்தான். வளையத்தின் அகலம் 18 அங்குலம். பந்தின் அகலம் சுமார் 9 அங்குலம். கோட்டுக்கு உள்ளே நின்று போட்டால் இரண்டு புள்ளி. வெகு தூரத்திலிருந்து போட்டால் மூன்று. எதிராளி செய்த தவறுக்காகக் கிடைக்கும் எறிதலுக்கு ஒன்று. ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தே, ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்த மகாவீரரும் உண்டு. 1962-ஆம் வருஷம் மார்ச் மாதம் 2-ஆம் தேதி அமெரிக்காவில் வில்ட் சேம்பர்லின் அதைச் சாதித்தார். அன்று அவருக்கு ஓயாமல் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த சகாக்களின் பெயர்கள் அவ்வளவாக யாருக்கும் ஞாபகம் இல்லை. புள்ளி எடுப்பவரைத் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதையும் தாண்டிக் காட்டுக்குள் போனால் ஆற்றங்கரையில் அய்யனார் கோவில். நீர் காத்த அய்யனார் என்று பெயர். மழைக் காலத்தில் வெள்ளம் வந்துவிட்டால் வனத்துறையார் யாரையும் விடமாட்டார்கள். வெள்ளம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப் பிள்ளைகளையும் சில பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு, புளியோதரைத் தூக்குகளுடன் அங்கே போயிருந்தோம்.

எங்களோடு வந்தவர்களில் நூல் மில் மேஸ்திரி ஒருவரும் அவருடைய மனைவியும் உண்டு. அவர்களுடைய பெண் ஒன்பதாம் வகுப்பு. ஐந்து அடி எட்டு அங்குலம். ஆற்றில் கிடந்த பாறைகளின்மேல் நீண்ட கால்களை எட்டி வைத்து நின்றுகொண்டு, சின்னக் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீர்களா, சார்? ஒட்டகம் மாதிரி!" என்றாள் தாயார்.

மேஸ்திரியின் சட்டைப் பையில் ஒரு காகிதம் நான்காய் மடிந்து கிடந்தது. சர்க்கார் விளையாட்டு விடுதியில் சேர்வதற்கான விண்ணப்பம் அது. பெண்ணின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்து, எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை வாங்கிக் கொடுத்தது. அதில் தகப்பனார் கையெழுத்து விழவேண்டிய இடம் மட்டும் பத்து நாளாகக் காலியாக இருந்தது.

"தப்பாக நினைக்காதீர்கள், சார். இந்தப் பந்து சோறு போடுமா?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் கேட்க வேண்டிய கேள்வி. நான் அவருக்கு கீது அன்னா ஜோஸின் கதையைச் சொன்னேன்.

1985-இல் கேரளத்துச் சங்கனாச்சேரியில் பிறந்தவர் கீது. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். இந்திய அணிக்கு அவர் ஆடிய காலத்தில், புள்ளி வேண்டுமென்றால் பந்து அவர் கைக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம், எதிரிகளுக்குந்தான்! 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் என்ற சங்கத்துக்காக ஆடினார். 2011-ஆம் வருஷம் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைப் போட்டியின் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைப் பரீட்சைக்கு அழைத்தன.

"எடுத்துக்கொண்டார்களா?" என்று மேஸ்திரி ஆவலுடன் கேட்டார்.

"இல்லை, அண்ணாச்சி. அப்போது அங்கே மொத்தம் 12 அணிகள். அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். உலகத்திலுள்ள அத்தனை பெண்களும் அந்த நூற்றுச் சொச்சம் இடங்களுக்குத்தான் போட்டி போட்டார்கள்."

"அப்புறம் என்ன பிரயோஜனம்?"

"திரும்பி வந்தார். வேலைக்குப் போனார். மறுபடியும் ஆடினார்."

"வேலையா? என்ன வேலை?"

"தெற்கு ரயில்வேயில் உத்தியோகம்."

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்கா அவரை அசைக்கவில்லை, ரயில்வே அசைத்துவிட்டது!

சிரிக்க வேண்டாம், நேயர்களே! விஷயத்தின் மர்மம் அங்கேதான் இருக்கிறது. நம் தேசத்தில் அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று நிலையான தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி கிடையாது. அமெரிக்க ஆட்டக்காரரைச் சங்கம் தாங்குகிறது. நம் பெண்ணைத் தாங்கியது ஒன்றாந்தேதிச் சம்பளம். பரீட்சையில் தேறாமல் கப்பல் கவிழ்ந்ததுபோல் உட்காராமல், மறுபடி பந்தைக் கையில் எடுக்கும் தைரியம் கீதுவுக்குச் சொந்தமானது. அந்தத் தைரியத்துக்கு அடியில் ஒரு வேலையும் இருந்தது. 2013-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஐந்தாம் இடம் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். 2014-ஆம் வருஷத்து அர்ஜுனா விருதும் வந்தது.

அதே ரயில்வேயில், அதே இந்திய அணியில், கீதுவுக்குத் தோழியாக ஆடியவர் சென்னைப் பெண் அனிதா பால்துரை. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகள்! பதினாறு வருஷம் ஒரு பெண் உச்சத்தில் நிற்கிறாள் என்றால், அது கைத்திறமை மட்டுமல்ல. வீடு, வேலை, சகாக்கள் எல்லாம் கூடி நின்று பிடித்த தேர். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. 2021-இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

"ரயில்வேயில் எத்தனை பெண்களை எடுப்பார்கள், சார்?" என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

"சொற்பம் பேர்தான். அதனால் படிப்பையும் விடக்கூடாது. பந்து மட்டும் சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ஒரு கதவைத் திறக்கும். உள்ளே போவது அவளுடைய சாமர்த்தியம்."

அவர் பதில் சொல்லவில்லை. அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த தாயார்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பெண் என்ன உயரம் என்று சொன்னீர்கள்?"

"ஆறடி இரண்டு அங்குலம்."

அந்த அம்மாள் ஆற்றைப் பார்த்தாள். பாறைமேல் நின்ற மகளைப் பார்த்தாள். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பிறகு, "அப்படியானால் இவளுக்கு இன்னும் ஆறு அங்குலம் போதாதே, சார்!" என்றாள்.

என் உத்தியோக வாழ்வில், பெண்ணின் உயரம் போதாது என்று ஒரு தாயார் விசாரப்பட்டதை அன்றுதான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் கையெழுத்துடன் வந்தது. பெண் தேர்வு பெற்று விடுதிக்குப் போய்விட்டாள். அவள் கீதுவைப்போல் புள்ளி குவிப்பாளா, மூன்றாம் வருஷமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவாளா என்பது யாருக்குத் தெரியும்? இரண்டும் நடக்கக்கூடியவையே. எது நடந்தாலும் படிப்பு கையில் இருக்கும். விடுமுறைக்கு வரும்போது நிமிர்ந்து நடக்கிறாள்.

நம் ஊர்களில் இப்படி வளர்ந்து வரும் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் தேசத்துக்கு ஆட வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் போதும். அதற்கு வேண்டியது ஒரு வளையம், ஒரு பந்து, "இருட்டுவதற்குள் வந்துவிடு" என்று சொல்லி அனுப்பும் ஒரு வீடு. முதல் இரண்டையும் பள்ளிக்கூடம் கொடுக்கும். மூன்றாவதை நேயர்கள்தான் கொடுக்க வேண்டும்.