அரும்பும் நிறைகோலும்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையை ஒட்டிய சிற்றூர்களில் பொழுது புலருமுன்னரே மல்லிகைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பூப்பறிக்கும் பெண்கள் செடி முழுவதையும் உருவிவிடுவதில்லை. அன்று விரியவிருக்கும் மொட்டை மட்டும் கிள்ளுகின்றனர். பச்சை மாறாத அரும்பை நாளைக்கென விட்டு நகர்கின்றனர். விட்டுவைத்ததனால் அவ்வரும்பை எவரும் சொத்தை என்று சொல்வதில்லை.

அத்தகைய ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியை, தவறான விடையின்மேல் குறுக்குக்கோடு இடுவதில்லை. எந்தப் படியில் பிழை நேர்ந்ததோ, அதனருகே சிவப்பு மையால் சிறு புள்ளி வைப்பார். முக்காலிலிருந்து அரையைக் கழிக்கும் கணக்குக்கு ஒரு மாணவி ‘ஒன்று’ என விடை எழுதியிருந்தாள். மேலே மூன்றிலிருந்து ஒன்றையும், கீழே நான்கிலிருந்து இரண்டையும் கழித்திருந்தாள். கழித்தல் அவளுக்கு நன்கு தெரியும். பின்னம் என்பது முழுமையின் பகுதி என்பதுதான் இன்னும் மனத்தில் அமரவில்லை. சுழியம் என்னும் மதிப்பெண் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது, புள்ளி காட்டும்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கை உவமையாக்கினார். ஐயமற அளவு காட்டுவதும் நடுவுநிலை பிறழாமையும் நிறைகோலின் இயல்புகள். எனினும், தட்டில் இருப்பதன் எடையைத்தான் நிறைகோல் சொல்லும். நாளை என்னவாகும் என்பதைச் சொல்லாது. பவணந்தியார் நிறைகோலோடு நிறுத்திக்கொள்ளாதது நல்லதாயிற்று.

தமிழகப் பள்ளிகளில் 2012-2013ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் பகுக்கப்பட்டன. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்றே பெயரிட்டது. மதிப்பிடும் முறை இவ்வளவு மாறியும், வீட்டுத் திண்ணையில் எழும் வினா மட்டும் மாறவில்லை: “எத்தனை மார்க்கு?”

அம்மாணவியின் வீட்டிலும் அவ்வினாவே எழுந்தது. கணக்கு வராத பிள்ளைக்குப் பள்ளி எதற்கு, தோட்டத்துக்கு வரட்டுமே என்ற பேச்சும் தொடர்ந்தது. அதனை அறிந்த ஆசிரியை தாயை வரவழைத்தார்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?” என்றார் தாய்.

ஆசிரியை மதிப்பெண்ணைக் காட்டவில்லை. “முக்காக் கிலோ பூவுல அரைக் கிலோ வித்துட்டா, மிச்சம் எவ்வளவும்மா இருக்கும்?”

“காக் கிலோ.” விடை சட்டென்று வந்தது. மகள் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதத்தான் உங்க மக தப்பாப் போட்டிருக்கா. எத்தனை மார்க்குன்னு கேக்காதீங்க. எங்க புள்ளி வச்சிருக்குன்னு கேளுங்க. அவ சொல்லச் சொல்ல, நீங்க கேட்டுக்கிட்டிருந்தாப் போதும்.”

அண்டைவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்றும், பூ மிகுதியாக வரும் நாள்களில் சிறுமியின் உறக்கம் குறைந்தால் தமக்குத் தெரிவிக்குமாறும் ஆசிரியை கேட்டுக்கொண்டார். வகுப்பில் கண்ணயர்வதும் கணக்குப் பிழையும் ஒரே காரணத்தால் வரக்கூடும்; அக்காரணம் விடைத்தாளில் தெரியாது, வீட்டில்தான் தெரியும்.

மறுவாரம் மாணவி தன் விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சிவப்புப் புள்ளியின் கீழே வட்டமான பூக்கூடை ஒன்றை வரைந்து, அதனை நான்கு பங்காகப் பிரித்திருந்தாள். மூன்று பங்குகளில் புள்ளி புள்ளியாய் மல்லிகை மொட்டுகள். அவற்றுள் இரண்டு பங்குகளைப் பென்சிலால் அடித்திருந்தாள். பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் தாயின் கைந்நாட்டு இருந்தது.