அட்டையில் இல்லாத ஆழம்

சிம்லா மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. பி.காம். படித்த எனக்கு மண் என்றால் ஊரில் பார்த்த கரிசலும் செம்மண்ணும்தான். ஆப்பிள் தோட்டக் கடன் கேட்டு வந்தவர் மண்வள அட்டையை நீட்டினார். 2015-ல் வந்த திட்டம். மொத்தம் 12 அளவுகள். அங்ககக் கரிமம் 1.4 சதவீதம். 0.75-ஐத் தாண்டினாலே 'அதிகம்' என்று கணக்கு. அடேங்கப்பா என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் தோட்டத்துக்குப் போனால், மீட்டர் ஆழக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை அடியிலேயே கடப்பாரை 'ணங்'. பாறை!

அப்புறம்தான் விசாரித்தேன். அட்டைக்கு மண் எடுப்பது மேலாக 15-20 செ.மீ. மட்டும். மலைக்குளிரில் இலைதழை மெதுவாக மக்குவதால் மேல்மண்ணில் கரிமம் சேர்ந்துவிடும். அடியில் என்ன என்று அது சொல்லாது. அதிலும் மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான். இந்தச் சரிவில் அதற்குள் எத்தனை படிவயல்! (கிளையின் சராசரி இருப்பைப் பார்த்து ஒருத்தருக்குக் கடன் கொடுத்த கதை.)

"மேனேஜர் சாப், கீழ்த்தட்டும் நம்மதுதான். மழை இழுத்து வந்த மண் இடுப்பளவு இருக்கு. கன்றுகளை அங்கே வைக்கலாமா?" என்றார் பெரியவர்.

விண்ணப்பத்தில் கஸ்ரா எண்ணைத் திருத்தி, என் அவசரத்தையும் மேலிடத்துக்கு எழுதினேன். இப்போதெல்லாம் ஆய்வுக்குப் போகும்போது காரில் ஒரு கடப்பாரையும் வருகிறது.