மூடியிலிருந்து உதிர்வது

கறுப்புக் கண்ணாடித் தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தார் மேஸ்திரி. ஓரமாக மூன்று வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினார், வரவில்லை. "800 டிகிரியில மேல விழுந்தா கண்ணாடி அத விடாது சார். உள்ள இழுத்துக்கும்."

புதுச்சேரிக்கு வெளியே முந்திரித் தோப்புகளை ஒட்டிய சிறு பட்டறை அது. கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, உருக்கி ஒட்டவைத்துத் தட்டும் சன்னல் பலகையும் செய்கிறார்கள். மேல்பக்கம் திறக்கும் மின்சூளை புதிது. புதிதாக இருப்பதுதான் தொல்லையே. உள்ளே இருப்பது கையால் அழுத்தினாலே பொடியும் இலேசான சூளைச் செங்கல். கம்பிச்சுருள் பதிக்க அதில் காடி வெட்டிய தூள் இடுக்குகளில் அப்படியே இருக்கும். லாரிக் குலுக்கலில் இன்னும் கொஞ்சம் பொடியும். மூடியின் உட்புறத்தில் பஞ்சு போன்ற பீங்கான் இழை.

மேஸ்திரி முன்பு மண்பாண்டச் சூளையில் இருந்தவர். அங்கேயும் தூசி விழும். ஆனால் பானை நிமிர்ந்து நிற்கும், கண்ணாடியோ மல்லாந்து கிடக்கும். விழுவதையெல்லாம் முகத்திலேயே வாங்கிக்கொள்ளும்.

மூடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடலாமே என்று முதலாளி கேட்டிருக்கிறார். கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டுப்பலகையில் பூசும் அலுமினா, கயோலின் கலவையைச் சொல்கிறார். மேஸ்திரி மறுத்துவிட்டார். அந்தக் கலவைக்குப் பிடிப்பு கிடையாது. பலகையில் படுத்திருப்பதால்தான் நிற்கிறது. தலைகீழாகப் பூசினால் காய்ந்து, செதில் செதிலாகக் கண்ணாடியின் மேல்தான் விழும்.

அவர் செய்தது வேறு. பலகை முழுக்கக் கறுப்புக் கண்ணாடி பரப்பி, எந்த மூலை எந்தப் பக்கம் என்று குறித்துவைத்துச் சுட்டார். ஆறியதும் புள்ளிகளின் இடத்தை மூடியோடு ஒப்பிட்டார். நிறமும் துப்பு கொடுக்கும். மஞ்சள் சாயலில் குருணையாக இருந்தால் செங்கல். வெள்ளை நூலாக இருந்தால் இழை. கருஞ்செதில் என்றால் கம்பிச்சுருளையோ வெப்பமானியின் உலோக முனையையோ பார்க்க வேண்டும். மேற்பரப்பெங்கும் பால் படர்ந்தாற்போல வெளுத்திருந்தால் மூடியைத் திட்டிப் பயனில்லை, அது கண்ணாடியே படிகமாகத் தொடங்கியதன் அடையாளம்.

இங்கே வெள்ளை நூல், அதுவும் கீல் பக்கத்தில்.

சுத்தம் செய்வது பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பொறுப்பு. மின்சாரத்தைத் துண்டித்து, மின்விசிறியை அணைத்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு, மென்தூரிகை மாட்டிய வாக்வம் குழாயால் காடி காடியாக உறிஞ்சுகிறார். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் புதுத் தூள் கிளம்பும். கவசமும் சம்பிரதாயமல்ல. பீங்கான் இழையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வாக்வத்தில் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. இல்லையென்றால் ஒருபக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதிவிடும்.

பிறகு இழையை இறுக்கும் கூழ்மச் சிலிக்கா கரைசலை மூடியில் தெளித்து, உலரவிட்டு, வெறும் சூளையாக ஒருமுறை சுட்டார்கள். மூடியைத் தொப்பென்று போடாமல் கடைசிவரை கையில் தாங்கி இறக்குவதும் அன்றிலிருந்து சட்டம். சூளை விற்ற கம்பெனி போனில், "ஆரம்பத்துல அப்படித்தான்" என்று முடித்துக்கொண்டதாம். முழுப்பொய் இல்லை. ஆனால் முதல் சுடுதலுக்கு முன் உறிஞ்சி எடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கெட்ட தட்டை வைரப் பட்டையால் நீர்விட்டுத் தேய்த்துப் புள்ளியை எடுத்து, மேல்தோல் மட்டும் இளகும் சூட்டில் மறுபடி வைத்தால் பளபளப்பு திரும்பும். "கைவேலைன்னா அப்படித்தான் இருக்கும்னு கடையில வித்துருவாங்க" என்று சிரித்தார் மேஸ்திரி. அவருக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அந்தப் பெண்ணுக்குக் கூலி தட்டுக் கணக்கில். சூளை துடைக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் சேராது. "அண்ணே, துடைக்கறதையும் ரெண்டு தட்டா எழுதச் சொல்லுங்க" என்றார், கவசத்தை இறக்கிவிட்டு. மேஸ்திரி முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார். நான் கிளம்பும்வரை முதலாளி வரவில்லை.