பியரின் முன்பாதி

அரசின் டாஸ்மாக் கடையில் பியர் வாங்கிக் குடிக்கலாம். வீட்டுப் பானையில் ஒரு குவளை வடித்தாலும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். பிரிட்டனில் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ராஜபாளையத்தில் அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. நான் அதைத் தட்டப் போவதும் இல்லை. நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியம், பியரின் முன்பாதி.

பியரில் இரண்டு வேலைகள் உண்டு. தானியத்தை முளைகட்டி, அதன் மாவுச்சத்தைச் சூட்டில் சர்க்கரையாக்குவது ஒன்று. அந்த இனிப்புத் தண்ணீரை ஈஸ்ட் சாராயமாக மாற்றுவது மற்றொன்று. ஊர் உலகம் பேசுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். ஆனால் கைக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை அதிகம் முதல் பாதியில்தான். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை, பார்லியும் வேண்டியதில்லை. கேப்பையும் கம்பும் போதும்.

கேப்பையிலிருந்து தொடங்குகிறேன். சிறுதானியங்களில் மால்ட்டுக்கு அதுதான் வாகானது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கேப்பை மால்ட்டை வைத்துக் குழந்தை உணவுக்காக நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. கல் அரித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றி, காலையில் வடித்து, துணியில் மூட்டையாகக் கட்ட வேண்டும். எங்களுக்குத் துணிப் பஞ்சமே கிடையாது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிதறியாக நெய்வதே மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணிதான். காற்று புகும், ஈரம் தங்கும், முளை ஒட்டாது. முளைகட்ட அதைவிடத் தோதான துணியை நான் பார்த்ததில்லை.

பார்லியை முளைகட்டுகிற குளிர் நாட்டுக்காரர்கள் அதற்கென்று குளிர்ந்த அறை வைத்திருப்பார்கள். கேப்பைக்கு நம் ஊர் வெக்கையே சரி. சிக்கல் ஈரத்தில்தான் வரும். நூற்பாலையில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும், கூடினால் உருளையில் சுற்றிக்கொள்ளும். முளைக்கும் தானியமும் அதே கண்டிப்பைக் கேட்கிறது. மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சூடு தெரியக் கூடாது. சூடு தெரிந்தால் பிரித்துக் கிளறி, தண்ணீர் தெளித்து, மறுபடி கட்ட வேண்டும். வேர் ஒரு நூலாக நீண்டு பச்சை முளை தலைகாட்டுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால், நாம் சர்க்கரையாக்க நினைத்த மாவைச் செடி தானே தின்றுவிடும்.

முளைக்கும்போது விதைக்குள் அமைலேஸ் என்ற நொதி பிறக்கிறது. மாவுச்சத்தின் நீளச் சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் கத்தரி அதுதான். விதை தன் குருத்துக்காக எடுக்கும் அந்தக் கத்தரியை வழியில் பறித்துக்கொள்வதுதான் மால்ட் தொழில் மொத்தமும். ஆகவே உலர்த்துவதில் பொறுமை வேண்டும். முதலில் நிழல், பிறகு வெயில். நன்றாகக் காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்தால் வேர் உதிரும், புடைத்துவிட்டு அரைக்கலாம்.

சோளத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. அதன் வேரிலும் குருத்திலும் தூரின் என்ற பொருள் சேரும். அதிலிருந்து சயனைடு பிறக்கும். ஆப்பிரிக்காவில் சோளத்தை முளைகட்டிப் பியர் வடிப்பவர்கள் உலர்ந்த வேரையும் குருத்தையும் தேய்த்து அகற்றிவிட்டே தானியத்தைப் பயன்படுத்துகிறார்கள். பச்சைச் சோள முளையைச் சுண்டல்போலத் தின்னும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது வறுவல். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா கடைகளின் பின்கட்டில் விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் சுண்டும்போது ஒரு வாசம் எழும். நிறம் வெள்ளையிலிருந்து இளம்பழுப்புக்குத் திரும்பும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி நடத்தும் அந்த வேதிவினையை 1912-இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். மால்ட்டை வறுக்கும்போது எழும் பிஸ்கட் வாசமும் பியரின் செம்பழுப்பும் அதே வினையின் பிள்ளைகள். 1817-இல் லண்டனில் டேனியல் வீலர் மால்ட்டைக் கருக வறுக்க ஓர் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்டர் என்னும் கறுப்புப் பியருக்கு நிறம் தர அது வழிவகுத்தது. ஆனால் வறுத்த மால்ட்டில் நொதி செத்துவிடும். வாசம் தரும், வேலை செய்யாது. அதனால் பெரும்பகுதியை வறுக்காமல் வைத்துக்கொண்டு, சிறுபகுதியை மட்டும் இரும்புச் சட்டியில் மணக்க வறுத்துக் கடைசியில் சேர்க்கிறேன்.

இனிச் சூடு. முன்பாதியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அமைலேஸ் நன்றாக வேலை செய்வது 60-லிருந்து 70 டிகிரி செல்சியஸுக்குள். கொதிக்கும் கஞ்சியில் மால்ட் மாவைக் கொட்டினால் நொதி அந்த இடத்திலேயே சாகும்; ஆறிய கஞ்சியில் கொட்டினால் சோம்பிக் கிடக்கும். பியர்க்காரர்கள் தெர்மாமீட்டரோடு நிற்பார்கள். நம் ஊரில் கணக்கு எளிது. பானைத் தண்ணீர் சுமார் 30 டிகிரி, கொதிநீர் 100. சரிபாதி கலந்தால் 65. குளிர் நாட்டில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே குழாய்த் தண்ணீரே சில்லென்று வரும்.

பார்லியின் மாவுச்சத்து ஏறக்குறைய இந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கம்பும் சோளமும் வேக இன்னும் சூடு கேட்கும். எனவே கம்பை முதலில் நொய்யாக உடைத்து, கெட்டிக் கஞ்சியாகக் கொதிக்கவைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பை அணைத்து, கஞ்சியின் அளவுக்கு அதே அளவு பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, கேப்பை மால்ட் மாவைத் தூவித் துடுப்பால் கிண்ட வேண்டும். அப்புறம் நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. துடுப்பை இழுத்துப் பிடித்த கஞ்சி, கண்ணெதிரே பிடி விட்டு, கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகும். துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்தால், சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்க்காத கஞ்சி நாக்கில் தித்திக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை எடுத்து ஆறவைத்து அதில் டிங்சர் அயோடினை விடலாம். கருநீலம் வந்தால் மாவு மிச்சம் இருக்கிறது. அயோடினின் பழுப்பு மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. சோதித்த சொட்டைக் கீழே கொட்டிவிட வேண்டும்.

இந்த இனிப்பு நீரை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் விட்டால் பியர். நான் வடிகட்டுவதும் இல்லை, ஹாப்ஸ் போடுவதும் இல்லை. ஒரு கொதி விட்டு நொதியை அடக்கி, ஆறியதும் பழைய கூழ் கொஞ்சம் கரைத்து, பானைக்கு வேடு கட்டிவிடுகிறேன். இந்த இடத்தில் பியர்த் தொழிலும் கூழ்த் தொழிலும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. ஹாப்ஸ் பூ கசப்புக்காக மட்டும் போடுவதல்ல. பியரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவை அது ஒடுக்குகிறது. பாஸ்டர் 1876-இல் பியரைப் பற்றித் தனி நூலே எழுதி, அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அடையாளம் காட்டினார். பியர்க்காரர் வாசலில் நிறுத்தும் அந்த விருந்தாளிக்குத்தான் கூழ்க்காரர் பாய் விரிக்கிறார். லாக்டிக் அமிலம் ஏறினால் நோய்க்கிருமிகளுக்கு இடமில்லை. வெயில் காலத்தில் ஒரு ராத்திரி தாங்கும் உணவு அப்படித்தான் கிடைத்தது.

பழங்கூழின் அளவு பற்றி எங்கள் அம்மா சொல்வது: “ஒரு கை போதும்டா. ரெண்டு கை போட்டா விடியறதுக்குள்ள காடியாயிரும்.” மால்ட் சேர்த்த கூழில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் கனம் உண்டு. சர்க்கரை மிகுதி என்பதால், பாக்டீரியாவின் பின்னாலேயே ஈஸ்ட்டும் வந்து பந்தியில் உட்காரும். சித்திரை, வைகாசி வெக்கையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கரைத்தால் காலையில் பதம். மார்கழியில் பொழுது சாயும் முன்பே கரைக்க வேண்டும். இளம்புளிப்பு வாசம் வரும்போதே மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் ஏற்ற வேண்டும். நுரை பொங்கிப் பழவாசம் அடித்தால் அது நம் எல்லையைத் தாண்டிவிட்டது. பானையைத் தென்னந்தூரில் கவிழ்க்க வேண்டியதுதான். முன்பாதிக்காரனின் திறமை எங்கே நிறுத்துகிறான் என்பதில் இருக்கிறது.

தண்ணீரும் பேசும். செக் நாட்டுப் பில்சென் நகரத்தின் மென்னீர் ஒருவகைப் பியரையும், இங்கிலாந்தின் பர்ட்டனில் கிடைக்கும் ஜிப்சம் கலந்த கடினநீர் வேறொரு வகையையும் உண்டாக்கின. எங்களுக்கு மேற்கே மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு ருசி, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் இன்னொரு ருசி. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ராத்திரி திறந்து வைத்துவிட்டு எடுத்தால் பாக்டீரியா சுணங்காது. பானைக்குச் சோப்பு ஆகாது. மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், பிறகு வெயில்.

இந்தப் பாதி முழுமையடையாத பாதி என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். சிக்கிமிலும் நேபாளத்திலும் இதே கேப்பையில் தோங்பா வடிக்கிறார்கள், அங்கே முளைகட்டுவதில்லை. வேகவைத்த தானியத்தில் மர்ச்சா என்ற வில்லையைத் தூவ, அதிலுள்ள பூஞ்சையே மாவைச் சர்க்கரையாக்கிவிடும், ஈஸ்ட் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரே தானியத்துக்கு ஊருக்கு ஒரு பாதை. கிழக்குக் கரிசலின் மானாவாரிக் கம்பும் ஆடிக் கூழும் எங்களுக்குக் காட்டிய பாதை புளிப்போடு நிற்கிறது. அதில் குறை எதையும் நான் காணவில்லை.

புதிதாகக் கேட்டு வருகிறவர்களிடம் நான் பியர் பேச்சையே எடுப்பதில்லை. ஓர் உழக்குக் கேப்பையை முளைகட்டி, காயவைத்து, அரைத்து வாருங்கள் என்கிறேன். கெட்டிக் கஞ்சியில் ஒரு கரண்டி மாவு விழுந்து, துடுப்பு இலேசாவதைக் கையால் உணர்ந்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது. எவ்வளவு போதை வரும் என்று கேட்டவரே, எந்தச் சூட்டில் போட்டீர்கள் என்று கேட்கத் தொடங்குகிறார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியும்.