9000 சுற்றுகளைத் தாங்கும் தகடு

2024 நவம்பர் 2, சனிக்கிழமை

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குச் செலுத்துவதும், ஓட்டுநர் வேண்டும்போது அத்தொடர்பைத் துண்டிப்பதுமாகிய இரு வேலைகளையும் ஒருங்கே செய்யும் உறுப்பு கிளட்ச் எனப்படுகிறது. கிராங்க் தண்டின் முனையில் பூட்டப்பட்ட கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்கும், அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதித்த கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்படுகிறது. அப்பிடியின் வலிமை, வில்லின் அழுத்தம், உராய்வின் அளவு, பிளேட்டின் சராசரி ஆரம் ஆகியவற்றைப் பொறுத்தது.

வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் இன்று தாங்கிகளின் மேல் ஏற்றப்பட்டது 2002ஆம் ஆண்டின் ஹோண்டா எஸ்2000. 1999 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட இந்த இரு இருக்கைக் காரின் 1997 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஐரோப்பாவில் விற்கப்பட்ட வடிவத்தில், டர்போவின் துணையின்றியே நிமிடத்திற்கு 8300 சுற்றுகளில் 240 குதிரைத்திறனைத் தந்தது. சுற்றுமானியின் சிவப்புக் கோடு 9000இல்தான் தொடங்குகிறது. ஆயினும் அதன் உச்ச முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் விசை, 208 நியூட்டன் மீட்டரே. இதே கொள்ளளவுள்ள டீசல் குடும்பக் கார்கள் பலவற்றில் அது 300ஐத் தாண்டும். கிளட்ச் தாங்க வேண்டியது முறுக்குவிசையையே தவிரக் குதிரைத்திறனை அன்று. ஆகவே வேகமான கார் என்பதற்காகவே பந்தய வகைக் கடின பிளேட்டை வாங்கிப் பூட்டுவது இக்காருக்குத் தேவையற்ற செலவு. இங்கே உண்மையான சோதனை சுழற்சி வேகத்தில் இருக்கிறது. மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியாக வளர்வதால், 6000 சுற்றில் பிளேட்டின் விளிம்பை வெளிநோக்கி இழுக்கும் விசையைப் போல 2.25 மடங்கு விசை 9000 சுற்றில் இழுக்கிறது. அந்நிலையில் பிளேட் கனமானதாக இருந்தால், கியர் மாறும்போது வேகங்களை ஒன்றுபடுத்தும் சிங்க்ரோ வளையங்களும் அதன் சுமையைச் சேர்த்துச் சுமக்க நேரிடும். தொழிற்சாலைத் தரத்திலான பிளேட்டையே உரிமையாளர் தேர்ந்தது இக்காரணங்களால் சரியான முடிவு.

பழுதின் அடையாளம் ஐயத்திற்கு இடமில்லாதது. ஆறாவது கியரில் 3000 சுற்றில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால், சுற்றுமானியின் முள் ஏறுகிறது, வேகமானியின் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதுவே கிளட்ச் நழுவுதல். பெடலை மிதிக்கையில் மெல்லிய கீச்சொலியும் கேட்கிறது. நான்கு தாங்கிகளும் காரின் எடையை முழுமையாக ஏற்றுக்கொண்டனவா என்பதைக் காரைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே இன்றைய வேலை நிறுத்தப்பட்டது. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை

பேட்டரியின் எதிர்முனை முதலில் கழற்றப்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியில், சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும் என்பதே காரணம். அடுத்துப் புகைக்குழாயின் முற்பகுதியும், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் கழன்றன. ஷாஃப்ட் முன்பிருந்த நிலையிலேயே திரும்பப் பொருந்த வேண்டும் என்பதற்காக, இரு முனைகளிலும் வெள்ளை வண்ணத்தில் கோடு இழுக்கப்பட்டது. பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே பெறும் ஸ்லேவ் சிலிண்டர், குழாய் திறக்கப்படாமல் அப்படியே ஒருபுறம் கட்டித் தொங்கவிடப்பட்டது. இனி யாரும் கிளட்ச் பெடலைத் தொடலாகாது, தொட்டால் அதன் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

எஞ்சிய பொழுது முழுவதையும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட் ஒன்றே விழுங்கியது. இக்காரில் கைவைத்தோர் அனைவரும் அறிந்த இடம் அது: கண்ணுக்குத் தெரியாது, கைக்கு எட்டும், ஆனால் ஸ்பேனரைத் திருப்ப இடமிராது. நீட்டிப்புத் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கியர்பாக்ஸின் முதுகின்மேல் பின்னாலிருந்து செலுத்தி, சாக்கெட் போல்ட்டின் தலையில் உட்காரும் அந்த மெல்லிய தட்டொலிக்காகக் காத்திருப்பதே வழி. அரைகுறையாக உட்கார்ந்த சாக்கெட்டைத் திருப்பினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும் என்பதால், ஐந்து முறை திரும்பத் திரும்பப் பொருத்திய பிறகே நெம்புகோலுக்கு விசை கொடுக்கப்பட்டது. போல்ட் இளகியபோது மணி நான்கரை, வெளியே இருட்டிவிட்டது.

நவம்பர் 9, சனிக்கிழமை

இன்று கியர்பாக்ஸ் இறங்கியது. எஞ்சினை அடியில் முட்டுக்கொடுத்துச் சற்றே பின்புறம் சாய்த்தபோது மேல் போல்ட்டுகள் எட்டின. உதவிக்கு வந்த நண்பர் பின்பகுதியைத் தாங்க, கியர்பாக்ஸ் தரைக்கு வந்தது.

ஒருவர் தம் காரின் கிளட்ச்சைத் தம் கையாலேயே மாற்றுவதன் முதன்மையான பயன் கூலி மிச்சமாவதில் இல்லை. தேய்ந்த உறுப்புகள் சொல்லும் வரலாற்றை நேரில் படிக்க முடிவதில் இருக்கிறது. பழைய பிளேட்டின் உராய்வு முகத்தில், ரிவெட்டுகளின் தலைகள் புதைந்திருக்க வேண்டிய பள்ளங்கள் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தன. விரல் நகத்தை ஓட்டினால் தடுமாற்றமின்றி வழுக்கிச் சென்றது. ஃபிளைவீலின் முகத்தில் காசளவு நீலப் புள்ளிகள் நான்கு தெரிந்தன. மெருகிட்ட எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் நீலநிறம் கொள்ளும். ஆகவே நழுவிய பிளேட்டின் உராய்வு அவ்விடங்களை அவ்வளவு சுட்டிருக்கிறது என்பது உறுதி. எஞ்சினின் பின்முனை எண்ணெய்ச் சீல் உலர்ந்தே இருந்ததால், எண்ணெய்க் கசிவு காரணம் அன்று, இயல்பான தேய்மானமே காரணம் என்பதும் தெளிவாயிற்று.

கீச்சொலியின் பிறப்பிடம் வேறு. பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் வில்விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங், ஒரு குழல்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது; அக்குழலில் முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் பூசப்பட்ட சாதாரண கிரீஸ், வெப்பத்தில் காய்ந்து பழுப்பு மெழுகாக இறுகியிருந்தது.

பெல் ஹவுசிங்கில், அதாவது கிளட்ச்சை மூடியிருக்கும் மணிவடிவக் கூட்டில், படிந்திருந்த கரிய தூள் ஈரத்துணியால் துடைத்தெடுக்கப்பட்டது. காற்றுக்குழாயால் அதை ஊதுவது எளிதுதான். ஆனால் முன்பு பூட்டப்பட்ட பிளேட் எப்பொருளால் ஆனது என்று அறிய வழியில்லாதபோது, அத்தூளை நுரையீரலுக்கு அனுப்புவதை எவ்வகையிலும் ஏற்க இயலாது.

நவம்பர் 16, சனிக்கிழமை

லேத் பட்டறையில் முகம் சமன்செய்யப்பட்ட ஃபிளைவீல் திரும்பி வந்தது. புதிய போல்ட்டுகளால் அது பூட்டப்பட்டு, அதன் முகமும் பிரஷர் பிளேட்டின் முகமும் பிரேக் கிளீனரால் துடைக்கப்பட்டன. புது உறுப்பின்மேல் துருப்பிடிக்காதிருக்கத் தடவப்பட்டுவரும் மெல்லிய எண்ணெயும், விரலின் பிசுக்கும்கூடப் பிடிப்பைக் குறைக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை கியர்பாக்ஸின் தண்டுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதால், மையப்படுத்தும் போலித்தண்டு ஒன்றைச் செருகிய பிறகே பிரஷர் பிளேட் இறுக்கப்பட்டது. ஒரு போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வது அதன் உறையைக் கோணலாக்கும். எதிரெதிர் போல்ட்டுகளுக்கு மாறி மாறி அரைச்சுற்றாகக் கொடுத்து, கடைசியில் டார்க் ரெஞ்சால் அளந்து முடிப்பதே முறை.

ரிலீஸ் பேரிங்கின் குழலுக்கும், அதை நகர்த்தும் கவையின் முனைகளுக்கும், தண்டின் ஸ்ப்ளைன் எனப்படும் நீள்வரிப் பற்களுக்கும் யூரியா கிரீஸ் இடப்பட்டது. சோப்புக்கு மாற்றாக யூரியாச் சேர்மங்களால் கெட்டிப்படுத்தப்படும் இந்தக் கிரீஸ் கடும் வெப்பத்திலும் உருகி வழியாது. இவ்விடத்திற்கு ஹோண்டா பரிந்துரைப்பதும் இதுவே. பூசியதில் பெரும்பகுதி பழைய பல்துலக்கியால் மீண்டும் வழித்தெடுக்கப்பட்டு, மங்கலான படலம் மட்டுமே விடப்பட்டது. இங்கே தாராளம் கேடாகும்: மிகுந்த துளி ஒன்று 9000 சுற்றில் சிதறிப் பிளேட்டின் முகத்தில் விழுந்தால் மூன்று வார உழைப்பும் வீண்.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை

கியர்பாக்ஸ் ஏறியது, ஆனால் இரு விரற்கடை இடைவெளியில் நின்றுவிட்டது. மிச்ச இடைவெளியைப் போல்ட்டுகளை இறுக்கி மூடிவிடலாம் என்ற ஆசை இக்கட்டத்தில் எவருக்கும் வரும்; அவ்விசையில் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அலுமினியக் கூட்டின் காது உடையும். கியரில் போட்டுப் பின்புறத் தட்டைக் கையால் மெல்லத் திருப்பியபடியே, ஜாக்கின் உயரம் ஒரு மயிரிழை குறைக்கப்பட்டது. ஸ்ப்ளைனின் பற்கள் தம் பள்ளங்களைக் கண்டுகொண்டதும், கியர்பாக்ஸ் வழுக்கிச் சென்று எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் வேலை, கழற்றிய வரிசையைத் திருப்பிப் போடுவதாகவே அமைந்தது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் புது எண்ணெய் கியர்பாக்ஸில் ஊற்றப்பட்டது.

நவம்பர் 23, சனிக்கிழமை

கார் தெருவில் இறங்கியது. பெடல் முன்பைவிட இலகுவாகச் சென்றது. வில்விரல்கள் பழைய உயரத்துக்குத் திரும்பியதன் விளைவு அது. கீச்சொலி இல்லை. புதுப் பிளேட்டின் முகம் ஃபிளைவீலோடு சீராகப் படிவதற்கு, முதல் 800 கிலோமீட்டர் நகரச் சாலைகளிலேயே, திடீர்ப் புறப்பாடுகள் இன்றி ஓட்டப்படும். சிவப்புக் கோடு அதுவரை காத்திருக்கும். கழற்றிய பழைய பிளேட் மட்டும், ரிவெட்டுகள் தெரியும் முகம் வெளிப்பக்கமாக, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது.